அப்பா வாட்சின் புது வார்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் சித்தி மகளுக்கு நடந்தது. சத்தியம்! அவள் நர்ஸ். எத்தனையோ சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். லேசில் பயப்படுகிற ஆளே இல்லை.

சித்தப்பாவைப் புதைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போனது ஒரு பழைய கைக்கடிகாரம். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். அது நின்றுபோய்க் கிடந்தது. பெண்டாட்டியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது முள், கண்ணாடி, தோல் வார் எல்லாமே புதுசு.

"அப்பா கட்டின பழைய வார் எங்க?"

"நைஞ்சு போச்சாம். கடைக்காரர் தூக்கிப் போட்டுட்டாராம்."

"பழைய சாமானுக்கு நல்ல விலையாமே. வித்துட்டீங்களா?"

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். அவள் காதில் ஏறினால்தானே! ஓடாமல் நின்றிருந்த வாட்சை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை திறந்தாள். டிக்... டிக்... யாரும் சாவி கொடுக்காத வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. புது வாரின் நடு ஓட்டையில் ஒரு மடிப்பு. கட்டிக் கழற்றினால் விழுமே, அந்த மடிப்பு.

"எடுத்துக் கட்டினீங்களா?"

"என் கைக்கு முதல் ஓட்டையே எட்டாதுடி!"

வாஸ்தவம்தான். அவர் மணிக்கட்டு உலக்கை மாதிரி இருக்கும். சந்தேகம் பிடித்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "என்னைப் பயமுறுத்தி வாட்சை விக்கப் பாக்குறீங்க" என்றாள். அந்தப் பேச்சை அவரால் தாங்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவள் மட்டும். பீரோ சாவி அவள் கைப்பையில்.

வாட்ச் நிற்கவில்லை...

மடிப்பு அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தது. பிறகு கடைசி ஓட்டைக்கு.

ஒரு நாள், அதற்கும் உள்ளே... புதிதாக ஓர் ஓட்டை!

வாட்சை எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினாள்.

"என் வீட்டுக்காரர் வந்து இந்த ஓட்டையைப் போடச் சொன்னாரா?"

"யாரும் வரலம்மா."

கடைக்காரர் அந்த ஓட்டையில் வாரை மாட்டினார். சின்ன வளையமாக நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இதைக் கட்டுறாங்க?"

"ஏன்?"

"சதை இருக்கிற கைக்கு இந்த அளவு வராதும்மா."

டிக்... டிக்...

அவள் வாட்சைத் தொடவில்லை. கடையிலிருந்தே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"தப்பு என் மேலதான். உடனே வந்துடுங்க..."

"என்னடி ஆச்சு?"

"வீட்டுல நான் தனியா இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேங்க..."