பயம் காட்டாத கோச்

தென் லண்டனில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரி யாக்கோப்பைக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்று அழைத்தது. தலைமை என்றதும் அவருக்குக் கீழே நாலு பேர் கைகட்டி நின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வலை கட்டுவதும் மினிவேன் ஓட்டுவதும் விழுந்தவனுக்கு ஐஸ் வைப்பதும் அவரேதான். சேறு பிடித்த ஜேர்சிகளைத் துவைப்பதும் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். துவைத்தது அவருடைய மனைவி டொலறஸ். கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டின் பின்வளவில் வருசம் முழுக்கப் பச்சை ஜேர்சிகள் தொங்கும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் விளையாடி வளர்ந்தவர். எண்பத்தேழில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் வேலைசெய்துகொண்டே பயிற்சியாளர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டாயிரத்தில் கல்லூரி வேலை கிடைத்தது. மைதானம்கூடச் சொந்தமில்லாத கல்லூரி. கவுன்சில் பூங்காவில் புதன்கிழமை பின்னேரங்களில் ஆட்டம் நடக்கும். பெரும்பாலும் தோல்விதான்.

தோற்கிற அணியை வைத்துக்கொண்டு அவர் ஒரு தத்துவமும் வைத்திருந்தார். பயந்தவனின் கால் பந்துக்குப் போகாது, ஆகவே ஆட்டம் முடியும்வரை கெட்டதைச் சொல்லக்கூடாது. நாலு கோல் வாங்கிவிட்டு இடைவேளைக்கு வரும் பெடியன்களிடம் நன்றாகத்தான் போகிறது என்பார். அவர்களும் நம்பிக்கொண்டு போய் இன்னும் இரண்டு வாங்குவார்கள். ஆனால் 2003இல் ஒரு கிண்ணப் போட்டியில் அது பலித்துவிட்டது. கோல்காப்பாளனின் விரல் வீங்கிப்போயிருந்தது. யாக்கோப்பு பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று பிளாஸ்டரைச் சுற்றி அனுப்பினார். அவன் பெனால்டி ஒன்றைப் பிடித்தான், கிண்ணமும் வந்தது. விரல் உடைந்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் கதையை அவர் போகிற கல்யாணவீடெல்லாம் சொன்னார், சனமும் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெடியன் சிரித்தானோ என்று யாரும் கேட்கவில்லை.

2006 இலையுதிர்காலத்தில் அணியின் பின்வரிசைக்கு யுவனேஸ்வரன் வந்தான். நோர்பரிப் பெடியன். அவனுக்கு யாக்கோப்பு மைதானத்தில் கோச், வெளியே வந்தால் அங்கிள். தகப்பன் ஊரிலேயே காணாமல் போனவர். தாய் நீலவேணி ஒரு முதியோர் இல்லத்தில் வேலைசெய்து இந்த ஒருவனை வளர்த்துக்கொண்டிருந்தாள். அவன் விளையாடுவது அவளுக்குத் துப்பரவாகப் பிடிக்காது. யாக்கோப்பு நேரே போய், "நான் நிக்கிறன்தானே தங்கச்சி" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, கோர்னர் பந்துக்கு எழும்பியபோது யுவனின் தலையும் எதிரணிக்காரன் தலையும் மோதின. அன்றைக்கு யாக்கோப்பு சரியாகத்தான் நடந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எழும்பி விளையாடப் பார்த்தவனை வெளியே எடுத்தார். அவன் வயிற்றைப் புரட்டிச் சத்தியெடுத்ததும் அம்புலன்ஸைக் கூப்பிட்டு, கூடவே ஏறிப் போனார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தவன் நினைவோடுதான் இருந்தான். கண்ணை மூடுவதும் திறப்பதுமாக, திறக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டான்.

"அங்கிள், அம்மா வாறாவோ?"

ஸ்கான் எடுத்து முடிந்ததும் டாக்டர் யாக்கோப்பை வெளியே கூப்பிட்டாள். மூளைக்குள் இரத்தம் கசிகிறது, சத்திரசிகிச்சைக்கு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறோம், தாயை உடனே வரச் சொல்லுங்கள் என்றாள். உடனே என்ற சொல்லை இரண்டுதரம் சொன்னாள்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. செத்தவீட்டுச் செய்தியைக்கூடப் போனில் நேரே சொல்லமாட்டோம். கொஞ்சம் சுகமில்லை, வந்திட்டுப் போங்கோ என்போம். கேட்கிறவர் இடிந்து விழுந்துவிடுவாராம். எங்களுக்குச் சொல்லப் பயம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டோம். இந்தப் பழக்கத்தோடு யாக்கோப்பின் தத்துவமும் சேர்ந்துகொண்டது. தனியாக இருக்கிற மனுசி, வேலையிடத்தில் பதறிவிடுவாள், வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று யோசித்தபடி போனை எடுத்தார்.

"ஒண்டுமில்லை தங்கச்சி. யுவனுக்குத் தலையிலை சின்ன அடி. ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாக்கினம். பதறாமல், அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ."

"கதைக்கிறானோ அண்ணை?"

"ஓம், ஓம். நல்லாக் கதைக்கிறான்."

நீலவேணி அவரை நம்பினாள். ஷிப்ட் முடியும்வரை நின்றாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மகன் வாயில் வைக்கமாட்டான் என்று வீட்டுக்குப் போய் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, அவனுக்கு மாற்றுடுப்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வேலையிடத்திலிருந்து நேரே வந்திருந்தால் அவன் கண்ணைத் திறந்து பார்த்திருப்பான். அவள் வந்தபோது சத்திரசிகிச்சை அறைக் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் யாக்கோப்பு தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். யுவனேஸ்வரன் நினைவு திரும்பாமலே மறுநாள் போய்விட்டான்.

விசாரணைகள் நடந்தன. பயிற்சியாளரில் ஒரு பிழையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கல்லூரி அவரைத் தொடர்ந்து இருக்கச் சொன்னது. அந்தப் போன் பேச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது தமிழில் நடந்தது. அடுத்த புதன்கிழமைகளில் யாக்கோப்பு பூங்காவுக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். பெடியன்களிடம் நன்றாகத்தான் போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு முதல் வேலையை விட்டுவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு டொலறஸ்தான் அவரை நோர்பரியில் நீலவேணி வீட்டுக்குப் போகச் சொன்னாள். செத்தவீட்டில் சனத்துக்குப் பின்னால் ஒளித்து நின்றுவிட்டு வந்த மனிதர்.

"அந்த மனுசி ஏதும் கேட்டால், நித்திரை மாதிரித்தான் கிடந்தவன், ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. அதுக்கும் ஒரு ஆறுதல் வேணும்" என்றாள்.

வழியெல்லாம் அவர் அந்த வசனத்தைத்தான் பாடமாக்கிக்கொண்டு போனார். நீலவேணி கதவைத் திறந்து, உள்ளே இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பிறகு எதிரே வந்து இருந்தாள்.

"அண்ணை, ஒண்டு மட்டும் கேக்கிறன். அவன் என்னைத் தேடினவனோ?"

பாடமாக்கிய வசனம் நாக்கு நுனிவரை வந்தது. யாக்கோப்பு அவளுடைய முகத்தைப் பார்த்தார். இவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"தேடினவன் தங்கச்சி. கண் திறக்கிற நேரமெல்லாம் அம்மா வாறாவோ எண்டுதான் கேட்டவன்."

அவள் அழவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இதை அண்டைக்குப் போனிலை சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றாள்.