இரண்டு பேர் தூக்கும் ட்ரம்

அந்த வருடம் நவம்பரில் பீங்கான் பரணியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் சமையலறைத் தரை முழுக்க ஈரம். பரணியின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் மனைவி வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அதில்தான் திராட்சை ஒயின் போடுவாள். அந்த டிசம்பரில் அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நேர்ல வந்து பேசிக்கலாம்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வரவில்லை. நான் பத்தாவது படித்தவன். ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது என் வேலை. மணிச் சத்தத்தில் பள்ளிக்கூடமே எழுந்து ஓடும். ஆனால் எதிரில் ஒரு ஆள் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் ஒயின் வாசம் அடித்தால், பாதியாவது சொன்ன மாதிரி ஆகும் என்று நினைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களுடையது மாடி வீடு. படி குறுகல். புதிய பரணியைத் தனியாக ஏற்ற முடியாது. அதனால் பிளாஸ்டிக் வாங்கலாம் என்று சிவாஜிநகர் கடைத்தெருவுக்குப் போனேன். சந்துக்குள் ஒரு கடையின் வாசலில் ட்ரம்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நீலம், பச்சை, வெள்ளை என்று பல நிறம். பாதி புதியது, பாதி எங்கேயோ எதையோ சுமந்துவிட்டு வந்தது. முந்தி இருந்த பொருளின் வாசத்தைப் பிளாஸ்டிக் விடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றில் பினாயில், இன்னொன்றில் அன்னாசி எசென்ஸ். மூன்றாவது ஆழமாக இருந்ததால் தலையை உள்ளே விட்டேன்.

"அரே, தலைய வெளிய எடு சார்!" என்றார் கடைக்காரர். "மாட்டிக்கினா ட்ரம்ம அறுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

வெளியே எடுத்தேன். காது சூடாகிவிட்டது.

"எதுக்கு வேணும்?"

"தண்ணீர் பிடிச்சு வைக்க."

"கார்ப்பரேஷன் தண்ணிக்கா இத்தினி மோப்பம்? நாய் கூட இப்படி மோந்து பாக்காது சார்."

பக்கத்துக் கடைக்காரரும் சிரித்தார். நான் ட்ரம்மைப் பார்த்தபடியே, "கிறிஸ்துமஸுக்கு. திராட்சை போட" என்றேன்.

"அதச் சொல்றதுக்கா கா மணி நேரம்!" அவர் உள்ளே போய் இரண்டு வெள்ளை ட்ரம்களைக் கொண்டுவந்து வைத்தார். "புதுசு. தின்ற சாமான் போடுறது. வாசன கிடையாது, வெளிய இருந்தே உள்ள பாக்கலாம். நீலத்தத் தொடாத, அதெல்லாம் ஃபேக்டரியிலருந்து வந்தது. எனக்கு உன் ஒயின் வேணாம். கேக் மட்டும் கொடுத்து அனுப்பு."

ஒன்று சிறியது. மேலே கைப்பிடி இருந்தது. மற்றது பெரியது, இரண்டு பக்கமும் பிடி. சிறியது போதும் என்றுதான் தோன்றியது. நிரப்பினாலும் நான் ஒருவனே தூக்கிச் சாய்த்துவிடலாம். இருந்தாலும் அவளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

"யாரை?"

"வீட்ல."

"கேளு, கேளு. கேக்காம வாங்கினவன்லாம் மறுநாள் திருப்பிக் கொண்டாந்துடுறான்."

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கீழ்வீட்டு ஆன்ட்டியின் போனுக்குக் கூப்பிடுவாள். ஆன்ட்டிதான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். நான் பேசும்போது ஆன்ட்டி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிப்பார். அதனால் என் பேச்சு எப்போதும் ஊம், சரி, ஆமாம் என்ற அளவில் முடிந்துவிடும்.

"சத்தமா பேசுங்க, கேக்கல" என்றாள் மனைவி.

பரணி ஒழுகியதைச் சொன்னேன். பிளாஸ்டிக் பார்த்ததைச் சொன்னேன்.

"பிளாஸ்டிக்கா? வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்று ஆன்ட்டி எனக்கும் போனுக்கும் சேர்த்துச் சொன்னார். "மண்ணெண்ணெ வாசன வரும். பிஷப் வந்தாக்கூட குடிக்க மாட்டாரு."

"புதுசுதான். வாசனை இல்லை" என்றேன். "சின்னதா ஒண்ணு இருக்கு. கைப்பிடி வச்சது. ஒத்த ஆளே தூக்கிடலாம். யாரும் கூட வேணாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"யாரும் வேணாமா?" என்றாள். "முன்னாடி நீங்க பரணியச் சாய்ப்பீங்க, நான் துணியப் பிடிப்பேன். இப்ப ஒத்த ஆளே போதும்ங்கறீங்க. நல்லாத்தான் பழகிட்டீங்க." பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆன்ட்டியின் விரல்கள் பட்டாணியில் அப்படியே நின்றிருந்தன. "சரி, வச்சிடறேன்" என்றேன்.

மாடிக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரிதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று பழகிவிட்டேன். தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவளுக்குக் கவலை குறையும் என்று இத்தனை நாள் அதையே சொல்லிவந்திருக்கிறேன். அவள் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் பெரியதை வாங்கினேன். "வீட்ல பெருசு கேட்டாங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். வெற்று ட்ரம் என்பதால் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டேன்.

விதையுள்ள கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, ஒரு கைப்பிடி கோதுமை. அவள் போடுகிற மாதிரியே எல்லாம் போட்டேன். அவள் வரும்போது வடிக்கிற பதம் வரட்டும் என்று நாளைத் தள்ளித்தான் போட்டேன். பரணிக்கு அவள் துணிதான் கட்டுவாள். இதற்குத் திருகு மூடி இருக்கிறதே என்று நான் இறுக்கித் திருகிவிட்டேன். காலையில் ட்ரம் உப்பி, அடி தரையில் சரியாக உட்காராமல் ஆடியது. பயந்துபோய் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"என்ன தம்பி, உங்க ட்ரம் முழுகாம இருக்கு!" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "மூடியத் தளத்துங்க, அதுக்கு மூச்சு முட்டுது."

தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. ஆன்ட்டி குனிந்து மோந்தார். மண்ணெண்ணெய் என்று சொல்லவில்லை. "வாசன வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மூடியை எடுத்துவிட்டுத் துணி கட்டினேன். தினமும் மர அகப்பையால் கிண்டினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் வழியே திராட்சைகள் மேலே வருவதும் கீழே இறங்குவதும் தெரியும். வேலை விட்டு வந்ததும் அதன் எதிரில்தான் டீ குடிப்பேன்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகச் சமையலறைக்குப் போனாள்.

"இவ்ளோ பெருசா? ஒத்த ஆள் தூக்கற மாதிரின்னீங்க?"

"இதை முடியாது" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ட்ரம்மை ஸ்டூலில் ஏற்றினோம். நான் சாய்த்தேன், அவள் கீழே பாத்திரத்தின்மேல் மல் துணியை விரித்துப் பிடித்தாள். கருஞ்சிவப்பாக இறங்கியது. இரண்டு கையும் ட்ரம்மில், கண்ணும் ட்ரம்மில். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"போக வேணாம்" என்றேன். "இங்கேயே இரு."

"என்ன?"

"திரும்பிப் போக வேணாம். எனக்குத் தனியா முடியல."

துணி கொஞ்சம் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. "இத்தன வருஷம் போன்ல சொல்லாம, கையில துணி இருக்கறப்ப சொல்றீங்க" என்றாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். "ஆடாம பிடிங்க, அடி மண்டி கலங்குது."

ஆடாமல் பிடித்தேன். கடைசிச் சொட்டு வரை வடிந்த பிறகு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இனிப்பு ஜாஸ்தி. அடுத்த வருஷம் சர்க்கரைய நான் போடறேன்" என்றாள்.