வாயைத் திறந்த சாட்சி

அவர் குழாய் வேலைக்காரர். ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். அடைப்பை எடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர் இயக்குநரின் கண்ணில் பட்டார். சாட்சியாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை.

"அண்ணே, இந்தக் கூண்டுல ஏறி நின்னு வாயைத் திறங்க. அவ்வளவுதான்."

ஏறினார், திறந்தார். அதோடு போயிற்று அவருடைய நிம்மதி.

தொடர், ஒரு அமைச்சரின் ஊழலைப் பற்றியது. கட்டாத பாலத்துக்குத் திறப்பு விழா நடத்திய மகானுபாவர் அவர். பணப்பெட்டி கைமாறியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நம் குழாய்க்காரர். அமைச்சர் கம்பி எண்ணுவதும் தப்புவதும் அவர் சொல்லப்போவதைப் பொறுத்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து தொலையும். நீதிபதிக்கு விக்கல் எடுக்கும், மின்சாரம் போகும், அமைச்சருக்கு நெஞ்சு வலிக்கும். ஒருமுறை அமைச்சரின் இரண்டு மனைவிகளும் இரண்டு வாசல் வழியாக ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். அவர்கள் முகங்களை மாற்றி மாற்றிக் காட்டியே ஒரு வாரத்தை ஓட்டினார்கள்.

இப்படியே இரண்டு வருடம் போனது. அதற்குள் அந்தப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு பாலம் கட்டி, அதில் பள்ளமும் விழுந்துவிட்டது.

ஊரில் அவருக்குச் 'சாட்சி' என்றே பெயர் விழுந்தது. தொட்டியைச் சரிசெய்யப் போனால் வீட்டுக்காரம்மா வழியை மறித்து நிற்பாள். "முதல்ல நீங்க என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் தொட்டியைப் பார்க்கலாம்." அவருக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு? பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கதாசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பெட்டியை யார்தான் வாங்கினது?"

"எனக்குத் தெரிஞ்சா இப்படி இழுப்பேனாண்ணே?" என்றார் கதாசிரியர், பாவம்.

வீட்டிலும் இதே சண்டைதான். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "இருமல் மருந்துல தண்ணி கலந்து வித்தா பிடிச்சு உள்ள தள்ளுவாங்க. இவங்க ஒரு கதையில குடம் குடமா ஊத்தறாங்க, விருது குடுக்கறாங்க!" என்பாள். அவளுடைய அம்மா விடமாட்டாள். "நிஜ வழக்கு மட்டும் மூணே மாசத்துல முடியுதா? ஜாமீன், வாய்தா, நெஞ்சுவலி, எல்லாம் அப்படி அப்படியே வருதுடி. இதை விடச் சுருக்கினா யார் நம்புவா?"

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. கூண்டில் நிற்பது மாமியார் இல்லையே என்பது மட்டும்தான் அவருடைய குறை.

அன்று காலை பெரிய குடியிருப்பு ஒன்றில் குழாய் வெடித்து, மாடிப்படியில் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசி அலறிக்கொண்டே இருந்தது. அவரோ கூண்டில் வாயைத் திறந்தபடி நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் மயங்கி விழுவதாகக் காட்சி. வக்கீலுக்கு மயக்கம் சரியாக வரவில்லை. "இன்னொரு தடவை" என்றார் இயக்குநர். பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் இன்னொரு தடவை.

குழாய்க்காரருக்குத் தாடை வலித்தது. திறந்த வாய் தானாகவே பேசிவிட்டது.

"ஆமாங்க. பெட்டியை வாங்கினது இந்த அமைச்சர்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பிடிச்சு உள்ள போடுங்க. எனக்கு வேலை கிடக்குது!"

சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி நடையைக் கட்டினார். அமைச்சர் வேடக்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்கய்யா! எத்தனை நாளைக்குத்தான் நான் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டே இருக்கறது?"

அன்று மாலையே ஒளிபரப்பாக வேண்டிய காட்சி அது. மறுபடி எடுக்க நேரமில்லாமல் அப்படியே போட்டுவிட்டார்கள். தெருவே கைதட்டியது. மாமியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அவசரக் குடுக்கை! இனிமே சாயங்காலம் முழுக்க நான் எதைப் பார்க்கறது?"

அவளுக்கு அந்தக் கவலையே தேவைப்படவில்லை. அமைச்சர் மறுநாளே மேல்முறையீடு செய்தார். அந்த வாரக் கடைசியில், உண்மை பேசிய சாட்சியின் மேல் லாரி ஏறியது. அதுவும் பின்னால் போய், திரும்பி வந்து, இரண்டு தடவை.

அந்தக் காட்சி ஓடியபோது குழாய்க்காரர் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

"தங்கமான மனுஷன். உண்மையைச் சொன்ன பாவத்துக்குக் கொன்னுட்டாங்களே!"

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன்."

"சித்த சும்மா இருங்க மாப்பிள்ளை," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "சாட்சியோட பொண்டாட்டி அழறது ஒண்ணும் காதுல விழல."