குளியலில் புகுந்த 'எபிஷியன்ட்'

என் கணவருக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை சூரமங்கலம் ரயில்வே ஆபீஸில் கிடைத்தது. புதிதாக வந்த துரை ஒரு குமாஸ்தாவைப் பாராட்டி 'எபிஷியன்ட்' என்றாராம். அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. அடுப்பு எபிஷியன்ட் இல்லை, துணிக்கொடி எபிஷியன்ட் இல்லை. நானும் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள்தான். நேரமும் பொருளும் வீணாகாமல் ஒரு வேலையைச் சரியாகச் செய்வது என்று அர்த்தம். அவரோ வெறும் 'சீக்கிரம்' என்று எடுத்துக்கொண்டார். துரை வாயால் கேட்டவரிடம் நான் என்ன சொல்ல? ஒருவேளை நான் படித்ததுதான் தப்போ என்றும் தோன்றியது.

கடைசியில் கைக்குழந்தையின் குளியலில் கைவைத்தார். அதுவரை மாமியார்தான் குளிப்பாட்டுவார். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அவற்றின்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகால் நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மாமியார் கடலைக்காய் பிடுங்க ஊருக்குப் போனதும் என் கணவர் ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, குளிக்கவெக்க இத்தனை நேரமா? சோப்பைப் போட்டு ரெண்டு சொம்பு ஊத்தித் தூக்கு. அதுதான் எபிஷியன்ட்."

"பச்சப்புள்ளைங்க. கைகாலு நீவி உடோணுமில்லீங்களா?"

"படிச்சவதானே நீ!"

அந்தப் பேச்சுக்கு நான் எப்போதும் தோற்றுவிடுவேன். மறுநாள் சோப்புப் போட்டேன். குளியல் சட்டென்று முடிந்தது, குழந்தைதான் தூங்கவில்லை. இடுப்பை விட்டு இறங்காமல் அழுதது. சளி பிடித்துவிட்டதோ, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குழம்பு அடிபிடித்தது. துணி ஊறியபடியே கிடந்தது. மத்தியானம் சாப்பிட வந்தவருக்குச் சோறு வேகவில்லை.

"இத்தனை நேரம் என்ன பண்ணீட்டிருந்தே?"

"எபிஷியன்டா இருந்தனுங்க."

முறைத்துவிட்டு, மோரை மட்டும் குடித்து ஆபீஸ் போனார்.

மறுநாள் அவர் கிளம்பியதும் கால்களை நீட்டி உட்கார்ந்தேன். மாமியார் நீவியதை நினைத்து நினைத்து நீவினேன். அழுத்துகிறேனோ என்று அவ்வப்போது கையைத் தளர்த்தினேன். சாம்பிராணிப் புகை அடங்குமுன் குழந்தை தூங்கிவிட்டது. சமைத்தேன், துவைத்தேன், மாவும் ஆட்டினேன். அவர் வந்தபோதும் தூளி அசையவில்லை.

சுடுசோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்னார்: "பாத்தியா? நாஞ் சொன்னாப்பல சோப்புக்கு மாறுனதும் வேலையெல்லாம் எத்தனை எபிஷியன்டா முடியுது!"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பேசினால் என் குரல் உயரும், குழந்தை விழித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.