காருக்குத் தோண்டிய குழி

அமெரிக்காவின் ஒஹாயோவில் நான் இப்போது வசிக்கும் தெருவில் கார்கள் பனியில் நனைந்துகொண்டு வெளியே நிற்கும். அவற்றுக்கென்று கட்டிய கராஜுக்குள் மனிதர்கள் இருப்பார்கள். எதிர்வீட்டு ரிக் சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு ஒரு பழைய காரின் அடியில் போய்ப் படுத்தால், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். அவர் மனைவி அவரைத் திட்டுவதும் இல்லை. வந்த புதிதில் இரண்டுமே எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் ரிக் கேட்டார்: "உங்கள் ஊரில் உங்களுக்குக் கராஜ் இருந்ததா?" இருந்தது, அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் குழிகூடத் தோண்டினேன் என்றேன். அவர் கண்கள் விரிந்தன. குழியில் தண்ணீர் வந்தது என்றேன். "அடடா, அது பெரிய தலைவலியாயிற்றே! என்ன செய்தீர்கள்?" கசிவைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டேன் என்றேன். "குட் ஜாப்!" என்று தோளில் தட்டினார். நான் செய்த பாவத்துக்கு இந்த உலகத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைப்பிரிவில் எங்கள் வீடு. நான் அரசு வேலையில் பொறியாளர். என்னிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. அது போன அதிகபட்சத் தூரம் திருக்கழுக்குன்றம். திரும்பி வந்தது டிராக்டருக்குப் பின்னால், கயிற்றில். அதைச் சீராக்க வீட்டிலேயே ஒரு பட்டறை அமைத்தேன். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த மாதிரியே சுவரில் அளவுவாரியாக ஸ்பானர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் நிழல் பெயின்டில், நடுவில் குழி. என் மனைவி சரோஜாவின் சமையலறை அலமாரிக்குக் கதவு இல்லை. ஸ்பானருக்கு நிழல் இருந்தது.

மாமல்லபுரம் பக்கம் ஒருவர் வீட்டுக்குள் குழி தோண்டினால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும்: சிலை. இரண்டு நாள் வேலியோரம் கூட்டம் நின்றது. கொத்தனார் முனுசாமிக்கு மட்டும் வேறு சந்தேகம். "இன்னா சார், கார பொதைக்கப் போறீங்களா? நல்ல முடிவு சார்." ஐந்தடியில் மணல் ஈரமாகி, கசிந்து, முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முனுசாமி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "எளநி மாரி கீது சார்" என்றார்.

அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை. பின்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அஞ்சலை மறுநாளே குடத்தோடு வந்து நின்றார். "உப்புத் தண்ணில மாவாட்னா ஒருத்தனும் துன்ன மாட்றான் சார். டெய்லி ரெண்டே கொடம். கடய மூடிட்டா வூட்ல நாலு பேரு சோத்துக்கு நான் எங்க போவேன்?"

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரத்தில் இருபது குடங்கள் வரிசையில் நின்றன. பெண்களுக்கு என் கார் பொழுதுபோக்காயிற்று. "இத்த ஓட்றத வுட்டுட்டு, கொடத்த ஏத்தித் தள்ளிகினு போலாம் சார்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டாம் நாள் ஓர் எவர்சில்வர் குடம் மட்கார்டில் உரசி, விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அன்று மாலை கேட்டைப் பூட்டினேன்.

ஆழத்தில் கடல் உப்பு ஏறினாலும் மேல்மணலில் மழைத் தண்ணீர் தங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல; அதற்கெல்லாம் படித்தவன். ஆனாலும் குறிப்பேட்டில் 'கசிவுப் பிரச்சினை' என்றே எழுதினேன். "ஊத்துக் கண்ண அடைக்கிறது பாவம் சார், என்னால ஆவாது" என்று முனுசாமி கரண்டியைக் கழுவிவைத்துவிட்டுப் போனார். செங்கல்பட்டிலிருந்து வேறு ஆளை வரவழைத்தேன். குழியின் அடியிலும் சுவர்களிலும் கான்கிரீட் விழுந்துகொண்டிருந்தபோது சரோஜா வந்து கேட்டாள்: "ஏங்க, அந்தக் காருக்கா தாகம் எடுக்குது?" பிறகு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசையில் அஞ்சலைக்குப் பின்னால் போய் நின்றாள். மாதம் முடிவதற்குள் இட்லிக் கடை மூடிவிட்டது. அஞ்சலை சிறுசேரியில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார்.

குழி அற்புதமாகக் காய்ந்தது. பெருமையோடு உள்ளே இறங்கி, காரின் அடியில் நிமிர்ந்து பார்த்தேன். உப்புக் காற்று அதன் தரையைத் தின்றிருந்தது. ஓட்டை வழியாக ஸ்டியரிங் தெரிந்தது. கார் எடைக்குப் போயிற்று, வீட்டை விற்றோம், ஒஹாயோவில் இருக்கும் மகனிடம் வந்தோம்.

சில வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அந்த வீட்டையும் பார்க்கப் போனேன். வாங்கியவர் கான்கிரீட்டை உடைத்து, சிமென்ட் உறை இறக்கிக் கிணறாக்கி, கேட்டைத் திறந்துவைத்திருந்தார். உள்ளே அஞ்சலை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கார் சொகமா கீதா?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "கடை எப்படிப் போகிறது?" என்று வந்தது.

"கட எங்க சார், அத்தோட போச்சி." என் கையிலிருந்த காலி பாட்டிலை அவரே வாங்கி நிரப்பிக் கொடுத்தார். "வெயில்ல வந்துகீறீங்க, குடிங்க."

அவர் எதிரில் குடிக்க முடியவில்லை. விமான நிலையம்வரை அந்த பாட்டில் என் கைப்பையிலேயே இருந்தது. சோதனையில் அதிகாரி அதை வெளியே எடுத்தார். "பெரியவரே, தண்ணி உள்ள போவக்கூடாது. இங்கயே குடிங்க, இல்லன்னா அந்தத் தொட்டியில போடுங்க." என் காலணியும் கோட்டும் ஓடும் பெல்ட்டில் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டன. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் இந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்று, ஒரு லிட்டரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.