இரண்டாம் தரம் சொன்னால்தான் எழுதுவாள்

இந்தக் கிழமை நீங்கள் வாசிப்பது என் கையால் எழுதியது அல்ல. அச்சில் எல்லோர் கையெழுத்தும் ஒன்றுதானே என்கிறீர்களா? உண்மைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எழுதியவள் என் மனைவி சரோஜா.

போன வியாழன் எனக்குக் கண்புரை ஒப்பரேஷன். வலது கண்ணில் மூடி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இடது கண்ணோ... பேருக்கு ஒரு கண். "வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது" என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். குனியாமல் இருந்துவிடலாம். எழுதாமல்?

என் காலைகள் எப்படிப்பட்டவை என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கண்டியில் அம்பிட்டிய பக்கம் மலைச்சரிவில் வீடு. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. ஜன்னலோரம் மேசையும் கதிரையும். பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஓட்டோ மேடேறி வரும். அதில் முதலை வடிவில் ஒரு கிம்புலா பணிஸ் வாங்குவேன் — மேலே சீனி தூவியது, டொக்டருக்குச் சொல்லவேண்டாம். அதைக் கடித்துக்கொண்டே முதல் வரியை எழுதுவேன். இந்த வயதில் இதைவிட என்ன சுகம் வேண்டும்?

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்து நிலைமையைச் சொன்னேன்.

"பரவாயில்ல சேர், ரெஸ்ட் எடுங்க. இந்தக் கிழமை உங்க எடத்தில வேற ஒருத்தர எழுதச் சொல்றோம்."

அன்பாகத்தான் சொன்னார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் இந்த இடத்தை விட்டதில்லை. அந்த வேறொருத்தர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டால்...? "வேண்டாம், நாளைக்கே வந்துசேரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சரோஜா கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மறுநாள் காலை தாளும் பேனையுமாக வந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"விடியலின் பொற்கரங்கள் கண்டி வாவியின் மேனியைத் தழுவின."

பேனை ஓடும் சத்தமே இல்லை.

"எழுதினியா?"

"இல்லங்க. ரெண்டாந்தரம் சொல்லுங்க."

"ஏன், கேக்கலையா?"

"கேட்டுச்சு. சொல்வதெழுதல்னா மொதத் தரம் கேக்கணும், ரெண்டாந்தரம் சொல்றப்பதான் எழுதணும். பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லிக்குடுத்தேன்? எனக்கு மட்டும் வேற சட்டமா?"

சரி என்று மறுபடி ஆரம்பித்தேன். "விடியலின் பொற்கரங்கள்..." நாக்கு நின்றுவிட்டது. கரமாவது, மேனியாவது! காலையில் நான் எங்கே வாவிப் பக்கம் போனேன்? கட்டிலில் அல்லவா கிடந்தேன்? "அதை விடு" என்றேன்.

அடுத்ததாகச் சமுதாயத்தை விழித்தெழச் சொன்னேன். "ரெண்டாந்தரம்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முதுமையைப் பற்றி ஒரு தத்துவம்... அதுவும் தாங்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவள் குறை சொல்லவில்லை. உச்சுக் கொட்டவில்லை. ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. பேனையைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் இந்தப் பொறுமையின் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கற்றிருக்கும்! கொடுத்துவைத்த பிள்ளைகள். நானும் எத்தனையோ விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். இவளைப்போல ஒருவரும் என்னைத் திருத்தியதில்லை.

எழுதுவது லேசு. எழுதியதைக் கட்டிய மனைவிக்கு முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள் — பாதி இலக்கியம் காற்றில் போய்விடும்!

பிளேன்டீ ஆறிவிட்டது. பாண் ஓட்டோவும் வந்து போய்விட்டது. தாளில் ஒரு வரியும் இல்லை. இடம் பறிபோகப்போகிறது என்ற பயம் எனக்கு.

"சரோ, ஒன்னும் வரமாட்டேங்குது."

"நடந்ததைச் சொல்லுங்களேன்" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பத்தி. நான் இரண்டு தரம் சொல்ல, அவள் எழுதி, மூன்றாந்தரம் வாசித்துக் காட்டியது. அவளைப் புகழ்ந்து நான் சொன்ன பந்தியை மட்டும் "இது கூடிப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

இங்கிருந்து என் கையெழுத்து. சரோஜா குசினியில் இருக்கிறாள். இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிறுக்குகிறேன். கோணலாக இருந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்குச் சொல்லி முடிக்கும்போது யோசிக்காமலே ஒரு வரி வந்தது. "ஒப்பரேஷன் கட்டிலில் கிடந்தபோது பார்வை போய்விடுமோ என்று பயந்தேன். வெளியே மர வாங்கில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்ததும் பயம் போய்விட்டது."

இரண்டாந்தரம் அவள் கேட்கவில்லை. பேனையை மூடிவைத்துவிட்டாள்.

"எழுதலையா?"

"அது பேப்பருக்கு வேணாங்க." தாள்களை அடுக்கி என் பக்கம் வைத்தாள். "சோறு வைக்க நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பார்த்ததும் திட்டுவாள். திட்டட்டும்... அச்சில் வந்ததை இனி யார் அழிப்பது?