அக்கரையில் அப்பா குடிக்காத தேத்தண்ணி

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு மழையையும் பாராமல் வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் இறந்தவரைப் புகழ்ந்து எழுதுவது முறை. புகழ்வதற்கு அப்பாவிடம் குறைவில்லை. ஆனாலும் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த அலுமினிய போட்டுதான், அப்பா ஓட்டிய படகுதான், கண்முன் வந்து நிற்கிறது. என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பாவின் ஒரே பிள்ளையாக நான் அதைத் தாண்டிப் போய் வேறு எதையும் எழுத முடியவில்லை.

அப்பா பிறந்தது றக்வானைக்கு மேலே, பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் வாந்தி எடுக்கிற வளைவு ரோட்டின் முடிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேக்டரியில் கூட்டிப் பெருக்கப் போனவர் மெசின்களைப் பார்த்துப் பார்த்தே வேலை பழகினார். கல்யாணத்துக்குப் பிறகு இரத்தினபுரிப் பக்கம் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை பேக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ரோலர் பெல்ட்டு தளந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். போய்ப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். இன்னொரு கல்யாணம் பண்ணச் சொன்னவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதிலாகத் தலையை ஆட்டி அனுப்பினார். எனக்குச் சடை பின்னிவிட்டதும் அவர்தான். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயுமாக நிற்கும். அடுத்த வீட்டு ராசம்மா அத்தை வழியில் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஒங்கப்பன் பெல்ட்டு மாட்டுற மாதிரியே பின்னியிருக்கான்" என்று அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவார். அத்தை எங்களுக்கு இரத்தச் சொந்தம் இல்லை. புருஷனை இழந்தவர், ரப்பர் பால் வெட்டி ஒரே மகன் செல்வத்தை வளர்த்தவர். அப்பாவை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

தெரியாதவர்களுக்காக எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசன் களுகங்கை ஆற்றுக்கு இந்தப் பக்கம். ரோட்டு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் கயிறு பிடித்து இழுக்கிற பலகைத் தெப்பம், எல்லோரும் 'பாருவ' என்போம். கங்கை பெருகினால் பாருவயைக் கரையில் கட்டிவிடுவார்கள். அத்தோடு நாங்கள் தனித் தீவு.

என்னை வரக்காப்பொலயில் கட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலிலேயே கண்டி ரோட்டு, கூப்பிட்டால் நிற்கிற பஸ். தலைப்பிரசவத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது கணவர் வீட்டார், "அங்க கங்கைக்கு அந்தப் பக்கம் எதுக்கு, இங்கயே வச்சிக்குவோம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதானே முறை? தாய் இல்லாதவளுக்குத் தாய்வீடும் இல்லை என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. அப்பாவிடம் வந்து சொன்னேன். "வா தாயி" என்றார். விரலை மடக்கி மாதத்தைக் கணக்குப் பார்த்தார். பிள்ளை பிறக்கிற மாதம் வைகாசி, கங்கை கரை புரளுகிற மாதம்.

அடுத்த வாரமே டவுனுக்குப் போய்ப் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அஸீஸ் நானாவிடம் போட்டை வாங்கிவிட்டார். என்றோ ஒரு வெள்ளத்துக்கு வந்து அப்படியே கைவிடப்பட்ட போட்டு. நானாவின் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்து, கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது. எஞ்சின் தனியாக ஒரு சாக்குக்குள் கிடந்தது. நல்லவேளையாக நாட்டில் சண்டை நின்றிருந்த காலம் அது. இல்லாவிட்டால் தோட்டத்துத் தமிழன் ஒருவன் போட் எஞ்சினைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்திருக்க முடியுமா?

லயமே சிரித்தது. "மலையில பொறந்தவன் கப்பல் வாங்கிட்டான்" என்றார்கள். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது என்பது வேறு எல்லோருக்கும் தெரியும். ராசம்மா அத்தை, "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க அண்ணே, நீங்க கவுந்த கப்பலத்தானே வாங்கியாந்திருக்கீங்க" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எஞ்சின் அப்பாவுக்குத் தெரியும். தண்ணீர்தான் தெரியாது. முதல் நாளே எஞ்சினைக் கொய்யா மரத்தில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். அழகாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம். அந்த எஞ்சினுக்குச் சூடு தணிய ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய் வர வேண்டுமாம். வெறும் தரையில் ஓட்டியதில் தண்ணீர் இழுக்கிற சின்ன ரப்பர்ச் சக்கரம் உருகிப்போனது. ரப்பர் பேக்டரிக்காரர் ரப்பரைக் கருக்கிவிட்டார் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. புதுச் சக்கரத்தை அஸீஸ் நானாதான் கொழும்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

போட்டைச் சுரண்டுவதே பெரிய வேலையாகப் போனது. கோழி எச்சம், பாசி, அதற்குக் கீழே யாரோ அடித்த பச்சை, அதற்கும் கீழே சிவப்பு. எல்லாம் போய் வெள்ளைத் தகடு தெரிந்ததும் போட்டை இரண்டு மரக்கட்டைமேல் தூக்கி வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினார். வெளியே எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கங்கே சுண்ணாம்பால் பொட்டு வைத்தார். பொட்டு வைத்து முடிந்தபோது போட்டு அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. தகட்டோடு தகட்டைப் பிடித்திருந்த ஆணிகள் தளர்ந்துபோயிருந்தன. உள்ளே ஒருவர் பழைய தராசுப் படிக்கல்லை ஆணியோடு அழுத்திப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். அத்தை கல்லைப் பிடித்தார். அப்பா தட்டினார். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உளுத்திருந்ததால் பலாப்பலகை அறுத்துப் போட்டார். நான் பெரிய வயிற்றோடு படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

போட்டைத் தண்ணீரில் இறக்குகிற நாளில் டிவிசனே கரைக்கு வந்துவிட்டது. சைக்கிள் வாங்கினாலும் பூஜை போடுகிற ஆட்கள் நாங்கள். லாரி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம், போட்டுக்கு எங்கே வைப்பது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. "தேங்கா ஒடைக்காம எப்புடி?" என்று அத்தை முற்றின தேங்காயாகப் பார்த்து எடுத்து நீட்டினார். கர்ப்பிணி உடைக்கக் கூடாது என்று என்னைப் பின்னால் போகச் சொன்னார்கள். "நல்லா ஓங்கிப் போடுங்கப்பா, சிதறணும்" என்று பின்னால் நின்று கத்தியது நான்தான். அப்பா ஓங்கிப் போட்டார். போட்டின் மூக்கில்.

தேங்காய் சிதறியது. கை தட்டினார்கள். மூக்குத் தகட்டில் ஒரு குழி விழுந்து, அடிப்பக்கம் மூன்று ஆணிகள் கழன்றிருந்ததைத் தண்ணீரில் இறக்கிய பிறகுதான் பார்த்தோம். மாதக்கணக்காகத் தட்டித் தட்டி இறுக்கியதை ஒரே தேங்காயில் திறந்துவிட்டோம். அப்பா உறைந்த ரப்பர் ஒட்டுப்பாலை வைத்து அடைத்துப் பார்த்தார். அலுமினியத்தில் அது பிடிக்கவில்லை. புது ஆணிக்கு நானாவிடம் சொல்லி அனுப்பினார். ஆணி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த மழையைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. விடிகிற நேரம் எனக்கு வலி எடுத்தது. கங்கை பாருவ கட்டுகிற மரத்தின் பாதிக்கு ஏறியிருந்தது. வெள்ளம் ரோட்டை மூடியதால் என் கணவர் வரக்காப்பொலயிலிருந்து வர வழியில்லை. அப்பா எஞ்சினைத் தூக்கி மாட்டினார். செல்வம் தண்ணீர் இறைக்கப் பால்வாளியோடு முன்னால் உட்கார்ந்தான். அத்தையும் என் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் மூக்கு தாழ்ந்து, ஓட்டை வழியே தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. செல்வம் இறைத்த வேகம் போதவில்லை.

அத்தை இறங்கிவிட்டார். "நீங்க போங்க அண்ணே. புள்ளய சேத்துட்டு வந்து என்னய கூட்டிட்டுப் போங்க. நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார். என்னிடம், "பயப்படாத கண்ணு, அத்த பின்னாலயே வாறேன்" என்றார். பொலித்தீன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் நின்றவரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

போட்டு எங்களைக் கரை சேர்த்தது. அக்கரையில் அஸீஸ் நானாவின் வேன் நின்றது. பேசி வைத்திருந்தபடி செல்வம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அப்பா உடனே திரும்பிப் போய் அத்தையைக் கூட்டி வர வேண்டும். வேனில் ஏறியதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க வாங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அப்பா ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓட்டத் தெரியாத செல்வம் போட்டுக்குக் காவலாகக் கரையில் நின்றான்.

மகள் பிறந்தாள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "ராசம்மா காத்துக்கிட்டு இருக்கும், நான் போறேன்" என்று எழுந்தார். நானாவின் மனைவி பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்து அப்பா ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "இருந்து குடிச்சிட்டுப் போங்கப்பா" என்றேன். என் பேச்சுக்காக உட்கார்ந்து குடித்தார்.

அவர் ஆற்றைக் கடந்து போனபோது கரையில் அத்தை இல்லை. பாருவக்காரர் சொன்னார்: வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கசாயம் போட்டு எடுத்து வருகிறேன் என்று அத்தை லயத்துக்குப் போனாராம். அதற்குப் பிறகுதான் மலை இறங்கியிருக்கிறது. லயத்தின் கடைசி இரண்டு வீடுகளை மண் மூடியது. ஒன்று எங்கள் வீடு, அதில் யாரும் இல்லை. மற்றது அத்தையுடையது.

மழை விட்டு, புது ஆணி வந்தது. அப்பா போட்டைத் திரும்பக் கரையேற்றி, நல்லதும் கெட்டதுமாக எல்லா ஆணியையும் கழற்றிப் புதிதாக அடித்தார். அத்தை பிடித்த படிக்கல்லைச் செல்வம் பிடித்தான். செல்வம் எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதன்பின் வந்த ஒவ்வொரு பெருக்கிலும் அப்பா போட்டு ஓட்டினார். பிரசவத்துக்குப் போனவர்கள், பரீட்சைக்குப் போன பிள்ளைகள், கடைக்காரர்கள், கரையோரச் சிங்களக் குடும்பங்கள் எல்லோரையும் கொண்டுபோய் விட்டார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. அக்கரையில் இறக்கிவிட்டு, கரையில் காலே வைக்காமல் போட்டைத் திருப்பிவிடுவார். "இருங்கண்ணே, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறீர்கள். பெருமை பிடித்தவர் என்று சிலர் நினைத்ததும் எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா தேத்தண்ணியே குடிப்பதில்லை. என்னைப் பார்க்க வரக்காப்பொல வந்தாலும் பச்சைத் தண்ணீர்தான். நானும் அதற்குமேல் வற்புறுத்தியதில்லை.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியாமல் ஆனபோது, பாருவ ஓடிக்கொண்டிருந்தாலும் சீக்கிரம் போகலாம் என்று அந்தப் போட்டில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் செல்வம் எஞ்சின் ஓட்டப் பழகியிருந்தான். "போட்டு இந்தக் கரையிலயே கெடக்கட்டும், அப்பாவ திருப்பிக் கூட்டிட்டுப் போக வேணுமே" என்று அவனிடம் சொன்னது நான்தான். அன்று பின்னேரம் அப்பா கேட்டார்: "போட்டு எந்தப் பக்கம் நிக்குது?"

"இந்தப் பக்கந்தாம்ப்பா. நீங்க போறதுக்கு."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வத்துக்குத்தான் விளங்கியது. குடையை எடுத்துக்கொண்டு போனான்.

போட்டை எங்கள் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, பாருவயில் திரும்பி வந்து, நனைந்த சட்டையோடு கட்டிலருகே குனிந்தான். "மாமா, போட்ட நம்ம பக்கம் கட்டிட்டு வந்துட்டேன். எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் கரையில நிக்கிறான். யாரு வந்தாலும் ஏத்திக்குவான்."

அப்பா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒங்கம்மா..." என்றார்.

"தெரியும் மாமா" என்றான் செல்வம். மேசையில் ஆறிக்கொண்டிருந்த என் தேத்தண்ணியை எடுத்து அப்பாவின் வாயருகே பிடித்தான். அப்பா குடித்தார். பாதிக் கோப்பை குடித்தார். அடுத்த நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், வேன் அனுப்பிய அஸீஸ் நானா குடும்பத்துக்கும், பாருவக்காரருக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வத்துக்கு நன்றி என்று எழுதக் கை வரவில்லை. அவனிடம் நான் கேட்க வேண்டியது மன்னிப்பு. கேட்டால், "விடுங்கக்கா" என்பான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்றைக்கு வந்தவர்கள் யாரும் ஆற்றை நினைத்து அவசரப்பட வேண்டாம். இருந்து சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். உங்களைக் கொண்டுபோய் விடுகிற போட்டு உடனே திரும்பி வந்துவிடும். நான் கரையில்தான் நிற்பேன்.